நிமிர்த்தி வைத்த பெயர் அட்டை

நீங்கள் தரநிலைக் குழுவின் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆவதற்குள் ஒரு கடிதம் வரும். அனைத்துலகக் கூட்டத்துக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்கு அரைநாள் பயிற்சி அமர்வு நடத்தித் தரும்படி அதில் கேட்டிருப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். நம் தொழிலில் நம்மைப் பேசவிட்டு மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் அவர்கள் பேசுவார்கள், நாம் எழுதுவோம்.

நான் முப்பத்தொரு வருடம் எழுதினேன். தரநிலைக் குழு என்றால் என்ன என்று என் மனைவியின் உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், எந்தச் சோதனையில் தேற வேண்டும் என்று பல நாட்டுக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டு எழுதுவது என்பேன். "இதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்பார்கள். ஒன்பது என்பேன். அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விதிமுறைப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை அறிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானும் வளர்த்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் இருந்தது: என் கூட்டக் குறிப்புகளில் யாரும் ஒரு திருத்தம்கூடச் சொன்னதில்லை. தலைவர் கேட்பார், "குறிப்பில் திருத்தம் உண்டா?" அறை அமைதியாக இருக்கும். அந்த இரண்டு நொடி அமைதிக்காகத்தான் நான் வருடம் முழுக்க வேலை பார்த்தேன் என்று சொன்னால் பொய்யாகாது.

அந்தப் பெயர் எப்படிப் போனது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். போக்கியது நான்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பு, சமையல் எரிவாயு அடுப்புக்கான ரப்பர் குழாய் பற்றிய குழு கோலாலம்பூரில் கூடியது. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகுமே, அந்தக் குழாய்தான். பதினாறு நாடுகள். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு ஹோட்டல். நம் நாடு விருந்தோம்பும் நாடு. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதியவர்களுக்கு என் பயிற்சி. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைப் பதினெட்டு டிகிரி ஏர்கானில் உட்காரவைத்து விதிமுறை சொல்லிக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே ஒருநாள் பார்ப்பீர்கள். பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் நடுங்குவார்கள். திறமைசாலிகள் சிலர் இரண்டையும் செய்வார்கள்.

என் ஸ்லைடுகள் அந்தக் காலத்தில் புகழ்பெற்றவை. முதல் விதி: முதல் கூட்டத்தில் வாய்க்குப் பூட்டு. பக்கத்தில் பித்தளைப் பூட்டு ஒன்றின் படம். இந்த விதிக்குக் காரணம் ஒரு பசை வியாபாரி. முதன்முறை கூட்டத்துக்கு வந்தவர், மைக்கைப் பிடித்து, தன் பசையால் மாமியார் வீட்டுக் கூரையை ஒட்டிய கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். அதை எப்படிக் குறிப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே பூட்டுப் படத்தைத் தேடி எடுத்தேன்.

இரண்டாம் விதி, பேச வேண்டுமானால் உங்கள் முன்னால் படுக்கையாக இருக்கும் பெயர் அட்டையைச் செங்குத்தாக நிமிர்த்தி வையுங்கள், கை தூக்காதீர்கள். மூன்றாவது, தலைவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும்போது நீங்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். நான்காவது, முடிந்த பிரிவை மறுபடி திறக்க முடியாது. தலைவர் மனம் வைத்தால் மட்டும் திறக்கலாம், தலைவர்கள் மனம் வைப்பதில்லை. கடைசி விதி: இறுதி நாளில் செயலாளர் முடிவுகளை வாசிப்பார். அதில் உங்கள் பேரில் நீங்கள் சொல்லாத ஒன்று வந்தால், யார் என்ன நினைத்தாலும் சரி, அட்டையை நிமிர்த்தி மறுத்தாக வேண்டும்.

முதல் விதியும் கடைசி விதியும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

பயிற்சியின் கடைசி அரை மணி நேரம் ஒரு போலிக் கூட்டம் நடத்துவேன். அன்றைய பொருள், சாப்பாட்டுக் கடை நாற்காலி. எல்லாரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். முடிவில் நான் குறிப்பை வாசிக்கும்போது, யாராவது ஒருவர் பேரில் சொல்லாத ஒன்றை வேண்டுமென்றே ஏற்றிவிடுவேன். அங்கேயே மறுக்கிறவருக்கு ஒரு பொட்டலம் முறுக்கு. பதினோரு வருடத்தில் மூன்று பொட்டலம்தான் கொடுத்திருக்கிறேன். மீதியையெல்லாம் நானே தின்றேன்.

அன்றைக்கு நான் ஏற்றிவிட்டது கலைவாணி என்ற பெண்ணின் பேரில். கிள்ளானில் ரப்பர் குழாய் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. முப்பது வயதிருக்கும். முதலாளி வர வேண்டிய இடத்துக்கு அவருடைய சிறுநீரகக் கல் காரணமாக இவள் வந்திருந்தாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கிள்ளான் பங்கேற்பாளர் நாற்காலிக்கு ஆறு கால் வேண்டும் என்று வலியுறுத்தினார்" என்று வாசித்தேன். அவள் கண் விரிந்தது. பிறகு மரியாதையாகச் சிரித்தாள். அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு வாசலில் நின்றாள்.

"அங்கிள், நான் ஆறு கால்னு சொல்லல. நாலுன்னுதான் சொன்னேன்."

"அப்ப ஏன் உள்ளுக்கை சொல்லேல்லை?"

"எல்லாரும் டீ குடிக்கப் போற அவசரத்துல இருந்தாங்க. எதுக்கு லேட் பண்ணணும்?"

"வாசலிலை சொன்னா அது திருத்தம் இல்லை, பிள்ளை. உம்மட பேரிலை ஆறு கால் நாற்காலிதான் நிக்கும்."

"ஐயோ" என்றாள். பிறகு, "அங்கிள், நீங்க சிலோனா? உங்க தமிழ் கேக்க ஜாலியா இருக்கு."

பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவன், என் தமிழ் மட்டும் பாட்டனாரோடு கப்பலில் வந்தது என்றேன். முறுக்கு கொடுக்கவில்லை. விதி விதிதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கூட்டம் தொடங்கியது. தலைவர் வட ஐரோப்பாவிலிருந்து வந்தவர். உயரமான, பொறுமையான மனிதர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்துவார். அவருக்கு இடப்பக்கம் நான். வலப்பக்கம் வரைவாளர், அதாவது ஆவணத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்தவர். நம் நாட்டுக்குழுவில் இரண்டே பேர்: குழுத் தலைவர் ஒருவர், கலைவாணி ஒருத்தி.

விருந்தோம்பும் நாட்டுக்கு வரும் நோய் ஒன்று உண்டு, கவனியுங்கள். விருந்தினரைக் கவனிக்கும் வேலையில் நம் பிரிவுகளைக் கவனிக்க மறந்துவிடுவோம். நம் குழுத் தலைவர் நல்ல மனிதர். ஆனால் புதன்கிழமை மதியம் வெளிநாட்டுக்காரர்களைப் பத்துமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும். பேருந்துக்காரன் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே இவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

அவர் வெளியே போன ஒரு பத்து நிமிடத்தில்தான் பிரிவு 7.4 வந்தது. குளிரில் வளைக்கும் சோதனை. குழாயைப் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியில் ஒரு நாள் வைத்து, எடுத்து வளைத்தால் வெடிப்பு விடக்கூடாது.

"ஆட்சேபம் உண்டா?"

பதினாறு நாடுகளும் தண்ணீர் குடித்தன. நான் நிமிர்ந்து பார்த்தேன். கலைவாணி ஃபைலைத் திறந்து வைத்திருந்தாள். அவள் விரல் ஒரு வரியின் கீழே இருந்தது. மற்றக் கை பெயர் அட்டையைத் தொட்டது, தொட்டபடியே நின்றது. பிறகு மடிக்குப் போய்விட்டது.

"இல்லை. ஏற்கப்பட்டது" என்றார் தலைவர். நான் எழுதினேன்.

தேநீர் இடைவேளையில் அவள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். தட்டில் ஒரு கறிபாப் கடிபடாமல் இருந்தது.

"என்ன முகம் இப்பிடி? கறிபாப் சரியில்லையோ?"

"கறிபாப் ஓகே அங்கிள். நான்தான் ஓகே இல்ல."

"என்ன நடந்தது?"

"அந்த செவன் பாயின்ட் ஃபோர் பாஸ் ஆயிருச்சுல்ல? அது வந்தா எங்க ஹோஸ் லைன் குளோஸ்லா."

விளக்கினாள். அவர்களுடைய ரப்பர் கலவை அடுப்புச் சூட்டுக்காகவும் எரிவாயுவுக்காகவும் செய்தது. நாற்பது டிகிரி குளிரில் வைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். கலவையை மாற்றினால் சூடு தாங்காது. இந்தத் தரநிலை வெளிவந்தால் நம் நாடும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும், வாங்குகிறவர்களும் அதைக் கேட்பார்கள்.

"அந்த லைன்ல இருபது பேரு அங்கிள். பாதிப் பேரு எங்க ஊரு பண்டமாரான்காரங்க. எங்க அக்காவும் அங்கதான் பேக்கிங். நான் போய் என்னன்னு சொல்றது? மீட்டிங்ல உக்காந்திருந்தேன், ஏர்கான் நல்லா இருந்துச்சுன்னா?"

"அப்ப ஏன் கார்டை நிமிர்த்தேல்லை?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"நீங்கதானே அங்கிள் சொன்னீங்க? முதல் மீட்டிங்ல வாய்க்குப் பூட்டுன்னு. படம் வேற போட்டீங்க."

"விதிக்கு விலக்கு இருக்கு, பிள்ளை. உங்கட பிழைப்பே போற நேரம் பேசத்தானே வேணும்."

"அது எந்த ஸ்லைடு?"

எந்த ஸ்லைடிலும் இல்லை.

என் அனுபவத்தில் நாம் சொல்லிக்கொடுப்பதை மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாப் பயிற்சியும் நடக்கிறது. இவள் மறக்கவில்லை. பதினோரு வருடத்தில் என் முதல் விதியை முழுதாகக் கடைப்பிடித்த முதல் ஆள் இவள்தான், அதனால் இருபது பேரின் வேலை போகப்போகிறது.

நம் குழுத் தலைவரிடம் போனேன். பேருந்து கிடைத்துவிட்டது, ஆனால் சிறியது என்றார். 7.4 பற்றிச் சொன்னேன். "முடிந்துவிட்டதே. இப்போது திறந்தால் விருந்தினர்கள் முன்னால் நன்றாகவா இருக்கும்?" என்றார். கூட்டத்தின் தலைவரிடம் நான் போக முடியாது. செயலாளருக்கு நாடு கிடையாது, கருத்து கிடையாது. விதிமுறைப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஒரு பிரிவைப் பற்றி நான் வாய் திறந்தால், நான் எழுதிய குறிப்பு எதையும் அதற்குப் பிறகு யாரும் நம்பத் தேவையில்லை.

மாலையில் எல்லாரும் போன பிறகு அந்த அறையிலேயே உட்கார்ந்து மறுநாள் வாசிக்க வேண்டிய முடிவுகளைத் தட்டெழுதினேன். 7.4 வந்தது. "பிரிவு ஏற்கப்பட்டது" என்று இரண்டு சொல் எழுதினால் முடிந்தது. எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூடிய பிரிவுக்குப் பக்கத்தில் திறக்கக்கூடிய கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: குறிப்பில் பிழை. அவள் பேரில் பிழை இருந்தால் அவள் எழுந்தாக வேண்டும். எழுந்தால் பேசியாக வேண்டும். அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாமா என்று யோசித்தேன். சொல்லிவைத்தால் செயலாளரும் ஒரு நாட்டுக்குழுவும் சேர்ந்து செய்த சதி. சொல்லாமல் செய்தால் வயதான ஒருவரின் கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு விதிமுறையில் இடம் இருக்கிறது.

முதலில், "மலேசியா பிரிவை ஆதரித்தது" என்று எழுதினேன். அழித்தேன். அந்த அளவுப் பொய்யை இந்தப் பெண் சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து, "அங்கிள், அப்படிச் சொல்லல" என்பாள். மரியாதை தெரிந்த ஒருவரை நாற்காலியை விட்டு எழுப்ப எவ்வளவு பெரிய பொய் வேண்டும்? நீங்கள் சிரிக்கலாம். என் பணிவாழ்க்கையில் நான் மிகக் கவனமாக அளந்து எழுதிய வாக்கியம் அதுதான். நான்கு முறை திருத்தினேன்.

புதன்கிழமை காலை பதினொன்றரை. கடைசி அமர்வு. தலைவரின் கடிகாரம் மேசையில். நான் முடிவுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நம் குழுத் தலைவர் பேருந்தைப் பார்க்கக் கீழே போயிருந்தார். 7.4க்கு வந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பிரிவு 7.4 ஏற்கப்பட்டது. மலேசியக் குழுவின் சார்பில் செல்வி கலைவாணி இச்சோதனையை மனமார வரவேற்று, இதைவிடக் கடுமையான சோதனையையும் தம் தொழிற்சாலைக் குழாய் தாங்கும் என்று உறுதி கூறி, முதல் சோதனையைத் தாமே நடத்திக் காட்ட முன்வந்தார்."

விவரம் தெரிந்தவர்கள் இரண்டொருவர் நிமிர்ந்தார்கள். முடிவுகளில் ஆளின் பெயர் வராது. அது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. தலைவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கலைவாணி வாயைத் திறந்தாள், மூடினாள், சுற்றிலும் பார்த்தாள். பிறகு, நான் பயந்தபடியே, மரியாதையாகச் சிரித்தாள்.

"திருத்தம் உண்டா?" என்றார் தலைவர்.

அவள் எழாவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் முழுதாகத் தோன்றியது. அந்தப் பொய் அப்படியே ஆவணமாகிவிடும். அவள் தொழிற்சாலை தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டதாகப் பதினாறு நாட்டுக் கோப்புகளில், என் கையெழுத்தோடு இருக்கும்.

"மன்னிக்க வேண்டும்" என்றேன். "வேகமாக வாசித்துவிட்டேன். மறுபடி வாசிக்கிறேன்." இந்த முறை மெதுவாக, அவள் பெயரில் நிறுத்தி வாசித்தேன். "முன்வந்தார்" என்று முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தேன்.

பெயர் அட்டை எழுந்தது. ஏர்கான் காற்றில் விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை அதைக் கையாலேயே பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"மலேசியா" என்றார் தலைவர்.

"தலைவரே, நான் அப்படிச் சொல்லவில்லை" என்றாள் ஆங்கிலத்தில்.

"எதைச் சொல்லவில்லை?"

"எதையுமே சொல்லவில்லை."

தலைவர் என்னிடம் திரும்பினார். "அந்த வரியை நீக்கிவிடுங்கள். அடுத்தது."

அவ்வளவுதான். கதவு ஓர் அங்குலம் திறந்து மறுபடி மூடப்போனது. நான் வரியை நீக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, உலகத்திலேயே மந்தமான செயலாளரின் குரலில் கேட்டேன்: "பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன், தலைவரே. குழு ஆதரிக்கவில்லை என்றால், கருத்து இல்லை என்று எழுதவா, ஆட்சேபம் என்று எழுதவா?"

இது செயலாளரின் உரிமை. பதினேழாம் பக்கம்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள், அதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்சேபம் என்று எழுதுங்கள்" என்றாள்.

தலைவர் கடிகாரத்தைத் தொட்டார். "காரணம்?"

"எங்கள் குழாய் அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே சூடு, எண்ணெய், சில நேரம் எலி. எங்களுக்குத் திரும்பி வரும் குழாய் எதுவும் குளிரில் கெட்டதில்லை. மலேசியாவிலேயே குளிரான இடம் இந்த அறைதான், தலைவரே. இங்கேயே பதினெட்டுத்தான்."

முதலில் சிரித்தது கொரியாக்காரர். பிறகு அறை முழுக்க. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் இன்னொன்று கேட்டாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தோன்றவில்லை.

"இந்த மைனஸ் நாற்பது எந்த நாட்டுக்கு வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாமா?"

நியாயமான கேள்வி. தலைவர் வரைவாளரைப் பார்த்தார். வரைவாளர் தன் கணினியில் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"இது வெளிப்புறக் குழாய்களுக்கான பழைய ஆவணத்திலிருந்து வந்த வாசகம்" என்றார் கடைசியில். "முதல் வரைவில் அப்படியே எடுத்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தலைவரின் நாட்டுக்கு வேண்டும் என்று நினைத்துவிட்டேன்."

"எங்களுக்கா?" என்றார் தலைவர். "நாங்கள் மின்சார அடுப்பில் அல்லவா சமைக்கிறோம்!"

கனடாக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஜப்பான்காரருக்கு என்று நினைத்திருந்தாராம். ஜப்பான்காரர் கனடாக்காரருக்கு என்று நினைத்திருந்தாராம். அந்த வாசகம் மூன்று கூட்டம் தாண்டி வந்திருந்தது. மூன்று கூட்டத்திலும் நான்தான் செயலாளர், மூன்று முறையும் நான்தான் "ஆட்சேபம் இல்லை" என்று எழுதினேன். அந்த அறையில் இருந்த யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார் என்று எல்லாரும் மரியாதையாக இருந்துவிட்டார்கள்.

தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அதுவரை நான் எந்தத் தலைவரிடமும் பார்த்திராத ஒன்றைச் செய்தார்: மனம் வைத்தார். பிரிவு திறக்கப்பட்டது. குளிர் சோதனை வேண்டுமா, எத்தனை டிகிரியில் என்பதை வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசி முடிவு செய்யலாம் என்று மாற்றி எழுதினார்கள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது.

நம் குழுத் தலைவர் அப்போதுதான் உள்ளே வந்தார். "பேருந்து ரெடி" என்று அறிவித்தார். அதே நேரம் பிரிவு முடிந்ததற்குப் பலத்த கைதட்டல். தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

வெளியே எல்லாரும் பேருந்துக்கு வரிசையில் நின்றபோது கலைவாணி என் பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. வேணும்னேதானே எழுதினீங்க?"

"செயலாளர் வேணுமெண்டு பிழை எழுதமாட்டார், பிள்ளை. விதிமுறையிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

"சும்மா கதை விடாதீங்க. முதல்ல நான் மறுபடி உங்க முறுக்கு விளையாட்டுன்னு நெனச்சேன். அதான் சிரிச்சேன். ரெண்டாவது தடவ வாசிச்சுட்டு கண்ணாடிக்கு மேல என்னையே பாத்தீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுச்சு இது விளையாட்டு இல்லன்னு."

நான் பையைத் திறந்து, திங்கட்கிழமை கொடுக்காத முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதை அங்கேயே பிரித்து, எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

இப்போது உங்களுக்கு. நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. குறிப்பில் பொய் எழுதுகிறவர் செயலாளராக இருக்கத் தகுதியில்லாதவர். வேறு யாராவது செய்து நான் கண்டுபிடித்திருந்தால் மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். அவள் எழாமல் போயிருந்தால் இன்று இதை எழுதவும் துணிந்திருக்கமாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபமானது: ஸ்லைடில் பூட்டுப் படம் போடும்போது, சாவி எங்கே இருக்கிறது என்பதையும் போடுங்கள். புதியவர் எப்போது பேசியே ஆக வேண்டும் என்று ஒரு வரி. நான் அதைப் போட்டிருந்தால் அந்தத் திருட்டு வேலைக்குத் தேவையே இருந்திருக்காது.

எனக்குத் தண்டனையும் கிடைத்தது. இறுதி ஆவணத்தில் அடிக்குறிப்பு ஒன்று ஏறியது: "7.4ஆம் பிரிவு குறித்த செயலாளரின் பிழை கூட்டத்திலேயே திருத்தப்பட்டது." தலைவர் தன் நன்றிக் கடிதத்தில், கண் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளலாமே என்று அன்போடு எழுதியிருந்தார். என் இயக்குநர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, குறிப்பெழுதும் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார். பங்கேற்பாளராக. பயிற்சியாளர் ஓர் இளைஞர். ஸ்லைடுகள் என்னுடையவை. முதல் ஸ்லைடில் பித்தளைப் பூட்டு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஐந்து வருடம் கழித்து என் பிரிவுபசாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் மதியச் சாப்பாட்டோடு நடந்தது. இயக்குநர் மாறியிருந்தார். புதியவர் என் கோப்புகளைப் படித்ததில்லை, ஆனால் பேச்சைத் தயார் செய்திருந்தார். "முப்பத்தொரு வருடம்" என்றார். "இவருடைய கூட்டக் குறிப்புகளில் ஒரு பிழை, ஒரே ஒரு பிழைகூட யாரும் கண்டதில்லை!"

கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, மூன்றாவது மேசையில் சாப்பாட்டுப் பட்டியல் அட்டை ஒன்று செங்குத்தாக எழுந்து நின்றது. மின்விசிறிக் காற்றில் விழுந்துவிடாமல் ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கலைவாணியின் கை. அப்போது அவள் நம் நாட்டுக்குழுவின் தலைவி.

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, ஏதாவது வேணுமா?" என்றார், பரிமாறுகிறவரைத் தேடிக்கொண்டே.

எனக்குப் புரிந்தது. அட்டை நின்றால் பேச இடம் கொடுக்க வேண்டும். இரண்டாம் விதி.

"மலேசியா" என்றேன்.

"திருத்தம், தலைவரே" என்று எழுந்தாள் கலைவாணி. "ஒரு பிழை இருக்கு. என் பேர்லதான் இருக்கு. இன்னைக்கும் எங்க லைன்ல இருபது பேரு வேலை செய்றாங்க."